ரெஜிஸ்ட்ரியைத் தொடாதே மக்கா

மார்த்தாண்டம்

மக்கா,

அக்கா கடைக் கம்ப்யூட்டர் ஓடுகிறது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் மீதியைப் படிக்காமலே போன் போடுவாய். இங்கே எல்லோரும் சுகம். அம்மாவுக்கு முட்டுவலி கொஞ்சம் தேவலை. மழை விடாததால் ரப்பர் வெட்டு இல்லை, அப்பா வீட்டுக்குள் இருந்துகொண்டு எங்களை மேய்க்கிறார். கட்டையன் மகளுக்குக் கல்யாணம் உறுதியாகிவிட்டது. பந்தியில் உன்னைக் கடைசியில்தான் உட்கார வைப்பானாம், பழைய கணக்கு.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஷார்ஜாவில் இருந்துகொண்டு போனிலேயே வைத்தியம் பார்த்து, விண்டோஸும் மென்பொருள்களும் தங்கள் குறிப்புகளைப் பதிந்துவைக்கிற ரெஜிஸ்ட்ரியைச் சுத்தம் செய்யலாம் என்று ஒரு ரெஜிஸ்ட்ரி கிளீனரை அக்காவை டவுன்லோடு செய்ய வைத்தாயே, எனக்கு உன்மேல் நல்ல கோபம். திங்கள்சந்தைக் கடைக்கு நான் போனபோது, ஸ்காலர்ஷிப் விண்ணப்பத்தோடு பிள்ளைகள் வாசல்வரை நிற்கிறார்கள். ஸ்கேனர் மென்பொருளைத் திறந்தால் 'கிளாஸ் நாட் ரெஜிஸ்டர்டு' என்று சின்னதாக ஒரு பெட்டி வருகிறது. ஓகே கொடுத்தால் எல்லாம் மூடிக்கொள்கிறது. பில் போடுகிற மென்பொருளும் அதே கதை. அந்தப் பக்கம் திரையின் மூலையில் கிளீனர் சிவப்பில் மின்னிக்கொண்டிருக்கிறது: இன்னும் நூற்றுக்கணக்கான பிழைகள் உண்டு, பணம் கட்டினால் சரிசெய்கிறோம் என்று. அக்கா அழாத குறை. "தம்பி சொன்னான்னுதான் செஞ்சேன்" என்று என்னிடம் மன்னிப்புக் கேட்கிறார்கள். மன்னிப்பு நீ கேட்க வேண்டியது.

என்ன நடந்தது என்று சொல்கிறேன். சி டிரைவில் இடமில்லை என்று போன தடவை வந்தபோது ஸ்கேனர் மென்பொருளையும் பில் மென்பொருளையும் வெளி ஹார்ட் டிஸ்க்கில் போட்டுக் கொடுத்தாய் அல்லவா? அக்கா கடை சாத்தும்போது அந்த டிஸ்க்கைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோவது வழக்கம். கிளீனரை ஓடவிட்டது டிஸ்க்கைக் கழற்றின பிறகு. ரெஜிஸ்ட்ரியில் எழுதியிருக்கிற பாதையில் ஃபைல் இருக்கிறதா என்று அது பார்க்கும், இல்லையென்றால் குப்பை என்று முடிவுகட்டும். டிஸ்க் மேஜை டிராயரில் இருக்கிறதா, வீட்டு அலமாரியில் இருக்கிறதா என்று அதற்கு எப்படித் தெரியும்? அந்த மென்பொருள்கள் பதிந்து வைத்திருந்த குறிப்புகளை எல்லாம் துடைத்துவிட்டது.

கம்ப்யூட்டரைப் பழைய நிலைக்குத் திருப்புகிற சிஸ்டம் ரீஸ்டோரைத் திறந்தால் அது அணைந்து கிடந்தது. விண்டோஸ் 10-ல் பல கம்ப்யூட்டர்களில் அதை நாமேதான் போட்டுவைக்க வேண்டும். முன்பெல்லாம் ரெக்பேக் என்ற ஃபோல்டரில் விண்டோஸ் தானாகவே ரெஜிஸ்ட்ரிக்கு ஒரு நகல் வைக்கும், விண்டோஸ் 10-ன் 1803 என்ற பதிப்பிலிருந்து அதுவும் நின்றுபோனது. திறந்து பார்த்தேன், எல்லா ஃபைலும் சைபர் கேபி, உள்ளே ஒன்றுமில்லை. நல்லவேளை, துடைப்பதற்கு முன் அந்தக் கிளீனரே, துடைக்கப்போகிற பதிவுகளை டாக்குமென்ட்ஸ் ஃபோல்டரில் ஒரு ரெக் ஃபைலாக எடுத்து வைத்திருந்தது. அதை இரட்டைக் கிளிக் செய்து சேர்த்தேன், பில் மென்பொருள் திறந்தது. ஸ்கேனரை மட்டும் திரும்ப நிறுவ வேண்டியிருந்தது. அந்த ரெக் ஃபைல் இல்லையென்றால் விண்டோஸையேகூடப் புதிதாகப் போட வேண்டி வந்திருக்கலாம்.

உன் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். நாகர்கோவிலில் படிக்கும்போது விண்டோஸ் 98 போட்ட லேப் கம்ப்யூட்டரை நீதானே சீர்படுத்திக்கொண்டு திரிவாய். அன்றைக்கு அதில் நியாயம் இருந்தது. மெமரி சின்னது, மென்பொருள்களை நீக்கினால் பாதி அப்படியே கிடக்கும். மைக்ரோசாஃப்டே ரெக்கிளீன் என்று ஒன்றை இலவசமாகக் கொடுத்தது, பிறகு அதை விலக்கிக்கொண்டது. விண்டோஸ் 98 தினமும் ரெஜிஸ்ட்ரியை நகலெடுத்து ஐந்து நகல் வைத்திருக்கும், கெட்டுப்போனால் டாஸின் கறுப்புத் திரையில் ஸ்கேன்ரெக் என்ற கட்டளை கொடுத்து மீட்போம். உன் தைரியத்துக்குக் காரணம் அந்த ஐந்து நகல்தான் மக்கா.

இன்றைக்கு நிலைமை வேறு. விண்டோஸ் ரெஜிஸ்ட்ரியை வரிவரியாகப் படித்துக்கொண்டு போவதில்லை, வேண்டிய இடத்துக்கு நேராகப் போய் எடுக்கிறது. லட்சக்கணக்கான பதிவுகளில் சில நூறு செத்த பதிவுகள் கிடந்தால் என்ன வேகம் குறையப்போகிறது? செத்துப்போனவர்கள் பெயர் டெலிபோன் டைரக்டரியில் இருப்பதால் உன் நம்பரைத் தேட நேரம் கூடுமா? மைக்ரோசாஃப்ட் தன் ஆதரவுப் பக்கத்தில் ரெஜிஸ்ட்ரி கிளீனர்களுக்கு ஆதரவு இல்லை என்றே எழுதியிருக்கிறது. இலவசமாக ஸ்கேன் செய்து, பயமுறுத்தி, காசு கேட்கிற கிளீனர்களை 2018 மார்ச்சிலிருந்து விண்டோஸின் சொந்த ஆன்டிவைரஸான டிஃபெண்டர் வேண்டாத மென்பொருளாகப் பிடித்து நீக்க ஆரம்பித்தது.

பயமுறுத்துவது என்றால் சும்மா இல்லை. அமெரிக்காவில் ஆபீஸ் டிப்போ கடைகளில் இலவசமாகக் கம்ப்யூட்டரைச் சோதித்துக் கொடுத்தார்கள். முதலில் நான்கு கேள்வி வரும்: கம்ப்யூட்டர் மெதுவாக இருக்கிறதா என்கிற மாதிரி. ஒன்றில் டிக் அடித்துவிட்டாலே போதும், ஸ்கேன் என்ன சொன்னாலும் வைரஸ் அறிகுறி இருக்கிறது என்று முடிவு வரும். 2019-ல் அந்த நிறுவனமும் மென்பொருள் கொடுத்த சப்போர்ட் டாட் காமும் சேர்ந்து மூன்றரைக் கோடி டாலர் கட்ட ஒப்புக்கொண்டன. சிவப்புப் பட்டியலைப் பார்த்து நம் அக்கா மாதிரி எத்தனை பேர் பயந்திருப்பார்கள்.

நல்ல டூல் என்று பெயர் வாங்கினதும் தப்பவில்லை. 2017 ஆகஸ்டில் வந்த, சிகிளீனர் என்ற பிரபலமான கிளீனரின் 5.33 பதிப்புக்குள் யாரோ வேவு நிரலை நுழைத்துவிட்டார்கள், ஏறக்குறைய 22.7 லட்சம் கம்ப்யூட்டர்களில் அது ஏறியது. நிறுவனத்தின் சொந்தக் கையெழுத்தோடு, அவர்கள் தளத்திலிருந்தே இறங்கியது. கம்ப்யூட்டரின் எல்லாப் பூட்டுக்கும் நீ சாவி கொடுத்து உள்ளே விடுகிற மென்பொருள் அது, மறந்துவிடாதே. அக்கா கடையில் ஊர்க்காரர்களின் ஆதாரும் பாஸ்புக்கும் ஸ்கேன் ஆகிக் கிடக்கின்றன.

ரெஜிஸ்ட்ரியில் கை வைக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஒரு மென்பொருள் பாதியில் நீங்கி, அதன் மிச்சம் புதிய பதிப்பை நிறுவவிடாமல் தடுத்தால், அந்த மிச்சத்தை எடுத்துத்தான் ஆக வேண்டும். அதற்கு மைக்ரோசாஃப்டின் சரிசெய்யும் கருவி தனியாக இருக்கிறது. ஆன்டிவைரஸ் என்றால் அந்தந்த நிறுவனமே நீக்கும் டூல் கொடுக்கும். ரெஜிஸ்ட்ரியைத் திறந்து திருத்துகிற ரெஜெடிட்டில் கையால் எடுப்பதாக இருந்தாலும் முதலில் திரும்பி வர ஒரு ரீஸ்டோர் பாயின்ட், அப்புறம் அந்தக் கீயை, அதாவது அந்தப் பதிவை மட்டும் நகலாக எக்ஸ்போர்ட், பிறகுதான் டெலீட். 'எல்லாவற்றையும் சரிசெய்' என்ற பட்டன் பக்கமே போகாதே.

அப்புறம், கம்ப்யூட்டர் ஏன் மெதுவாக இருந்தது என்று கேள். உள்ளே இருந்தது பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க். டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் நூறு சதவீதத்திலேயே நிற்கிறது. தொடங்கும்போதே தேவையில்லாத மென்பொருள்கள் வேறு, தானாகத் தொடங்குவதை எல்லாம் பட்டியலிடுகிற ஆட்டோரன்ஸ் என்ற டூலைப் போட்டுப் பார்த்து அவற்றை நிறுத்தினேன். டிஸ்க்கை மாற்றி, சுழலாத வேகமான எஸ்எஸ்டி போட்டு, பழையதில் இருந்ததை அப்படியே அதில் குளோன் செய்தேன், மெமரியும் கூட்டினேன். ரெஜிஸ்ட்ரியில் இருந்த குப்பை அத்தனையும் அப்படியே இருக்கிறது, கம்ப்யூட்டர் பறக்கிறது. இடமும் கிடைத்ததால் அந்த இரண்டு மென்பொருளையும் சி டிரைவிலேயே போட்டுவிட்டேன்.

எனக்கு இப்போது இருக்கிற கவலை வேறு. கடையில் ஓடுவது விண்டோஸ் 10. அதற்கான வழக்கமான பாதுகாப்பு அப்டேட்டுகளை 2025 அக்டோபர் 14-ஓடு மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. பிராசஸர் பழசு, விண்டோஸ் 11 ஏற்றுக்கொள்ளாது. கிளீனருக்கு வருடா வருடம் கட்டத் தயாராக இருந்த காசைப் புதிய கம்ப்யூட்டருக்கு ஒதுக்கு. அக்கா கேட்கமாட்டார்கள், நீதான் பேச வேண்டும். பில் மென்பொருள் விண்டோஸ் 11-ல் ஓடுமா என்று விற்றவரிடம் நான் விசாரித்து வைக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை கடை லீவு, அன்றைக்கு அக்காவைக் கூப்பிட்டுவிட்டு எனக்கு ஒரு வார்த்தை எழுது.

சவேரியார் கோயில் திருவிழாவுக்கு வருவாயா இல்லையா என்பதையும் சேர்த்து எழுது, கட்டையன் கேட்டுக்கொண்டே இருக்கிறான்.

அன்புடன்,
உன் மார்த்தாண்டத்துக்காரன்