அவர் நடந்து வருவதைப் பாருங்கள்: குற்றவியல் நீதிபதிகளுக்கு ஒரு திறந்த மடல்

மாண்புமிகு நீதிபதிகளுக்கு,

பல நாடுகளில், கைதானவர் காவல்துறையின் பிடியிலிருந்து முதன்முதலாக வெளியாள் ஒருவர் முன் வந்து நிற்கும் இடம் உங்கள் நீதிமன்றம்தான். அந்தச் சில நிமிடங்களைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

"அடித்தார்களா? ஏதாவது புகார் உண்டா?" என்று கேட்கிறீர்கள். அழைத்துவந்த காவலர் கைக்கெட்டும் தூரத்தில் நிற்கிறார். "இல்லை" என்று பதில் வருகிறது, அப்படியே பதிவாகிறது. இன்று இரவும் அதே காவலரோடுதான் அவர் திரும்பிப் போக வேண்டும் என்பது அங்கிருக்கும் எல்லோருக்கும் தெரியும். அந்த பதிலை நீங்கள் எப்படி நம்புகிறீர்கள்?

1984-இல் நிறைவேறி 1987-இல் நடைமுறைக்கு வந்த, சித்திரவதைக்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கை உங்களுக்குத் தெரியாததல்ல. போர், நெருக்கடிநிலை, மேலதிகாரியின் உத்தரவு என்று எந்தச் சாக்கையும் அது ஏற்பதில்லை. நான் நினைவூட்ட விரும்புவது அதன் 12-ஆம் பிரிவை. சித்திரவதை நடந்ததாக நம்ப நியாயமான காரணம் இருந்தாலே போதும், உடனே பாரபட்சமின்றி விசாரிக்க வேண்டும். பாதிக்கப்பட்டவர் வாய் திறந்து புகார் சொல்லும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

உள்ளங்காலில் அடிப்பது பல நாடுகளிலும் பதிவாகியிருக்கும் முறை. வீக்கமும் கன்றலும் சில நாட்களிலேயே வடிந்துவிடும். நடக்கும்போது வரும் வலியோ பலருக்கு வருடக்கணக்கில் விடாது. உங்கள் இருக்கையிலிருந்து அவருடைய பாதம் தெரியாது. ஆனால் வாசலிலிருந்து அவர் நடந்து வருவது தெரியும். குதிகாலை ஊன்றத் தயங்கி, பாதத்தின் ஓரத்தில் நடக்கிறார் என்றால், அதற்கு மேல் என்ன காரணம் வேண்டும்? அன்றைக்கே மருத்துவரிடம் அனுப்புங்கள். காவலர் உடனிருக்காமல் தனியாகப் பரிசோதிக்க வேண்டும் என்று சித்திரவதையை விசாரித்து ஆவணப்படுத்துவதற்கான ஐ.நா. வழிகாட்டியாக 1999-இல் உருவாகி 2022-இல் திருத்தப்பட்ட இஸ்தான்புல் நெறிமுறை தெளிவாகவே சொல்கிறது. தடயங்கள் சீக்கிரம் மறைந்துவிடும் என்பதால்தான் விசாரணையில் வேகம் முக்கியம் என்று ஸ்பெயின் தொடர்பான ஒரு முறையீட்டில், சித்திரவதைக்கு எதிரான ஐ.நா. குழு 1998-லேயே கூறியது.

அடுத்தது வாக்குமூலம். சித்திரவதையால் பெறப்பட்டதைச் சாட்சியமாக ஏற்கக் கூடாது என்கிறது 15-ஆம் பிரிவு. சித்திரவதை செய்தவர் மீதான வழக்கில் மட்டும் விலக்கு. தானாக முன்வந்து கொடுத்த வாக்குமூலம் என்று நிரூபிக்கும் பொறுப்பு அரசுத் தரப்புடையது. அடி தாங்கும் உடல் வலுவுள்ள குற்றவாளி தப்பிவிடுவான், பலவீனமான நிரபராதி தண்டிக்கப்படுவான் என்று இத்தாலியச் சட்டச் சிந்தனையாளர் பெக்காரியா 1764-இல் எழுதினார். அதை மறுக்க இதுவரை யாரிடமும் பதில் இல்லை.

"வாக்குமூலத்தை ஒதுக்கினால் கொலைகாரன் தப்பிவிடுவானே" என்ற அச்சம் எனக்கும் புரிகிறது. 2002-இல் ஜெர்மனியில் கடத்தப்பட்ட சிறுவன் இருக்கும் இடத்தைச் சொல்லவைக்க, பிடிபட்டவரைக் காவல்துறை சித்திரவதை செய்வதாக மிரட்டியது. சிறுவன் அதற்கு முன்பே கொல்லப்பட்டிருந்தான். விசாரணைக் கட்டத்தில் அவர் கொடுத்த வாக்குமூலங்கள் அனைத்தையும் நீதிமன்றம் ஒதுக்கியது. மிரட்டலால் கிடைத்த தடயங்களை ஏற்றது சரியா என்பது தனி விவாதம். நீதிமன்றத்தில் அவர் மறுபடி ஒப்புக்கொண்டார், ஆயுள் தண்டனையும் பெற்றார். மிரட்டலே மனித உரிமை மீறல்தான் என்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2010-இல் தீர்ப்பளித்தது.

ஆகவே உங்களிடம் கேட்பது இதுதான். அழைத்துவந்த காவலர்களை வெளியே அனுப்பிவிட்டு, வழக்கறிஞர் பக்கத்தில் இருக்கக் கேளுங்கள். கண்ணால் கண்டதை உங்கள் கைப்பட ஆவணத்தில் எழுதுங்கள். சந்தேகம் எழுந்தால் அவரை மறுபடி அதே நிலையத்துக்கு அனுப்பாதீர்கள்.