வரலாற்று வீடியோ போடும் நம்ம ஊர்ப் பிள்ளைகளுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பி, தங்கைகளே,

வணக்கம். காரைக்குடிப் பக்கத்துப் பள்ளி ஒன்றில் வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவன் நான். மருது பாண்டியரைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அவர்கள் தூக்கிலிடப்பட்ட அக்டோபர் 24 நெருங்கினால் வீடியோக்களாக வந்து குவிகின்றன.

போன வருடம் பேச்சுப் போட்டி ஒன்றுக்கு நடுவராகப் போயிருந்தேன். எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி, திருப்பத்தூர்த் தூக்குமேடையில் சின்ன மருதுவும் மகன் துரைச்சாமியும் பேசிக்கொண்டதை அழுதபடியே சொன்னாள். அப்பா கண் முன்னாலேயே மகனையும் தூக்கிலிட்டார்கள் என்று முடித்தாள். கையில் நாலு பக்கம். மூச்சு விட வேண்டிய இடங்களில் சிவப்பு மையில் கோடு. உங்களில் ஒருவர் போட்ட வீடியோவை நிறுத்தி நிறுத்தி எழுதியிருக்கிறாள். மார்க் போட எனக்குக் கை வரவில்லை. தனியாகக் கூப்பிட்டு, அப்படி நடக்கவில்லையம்மா என்றேன்.

"வீடியோல வந்துச்சே சார்" என்றாள். அப்புறம் மெதுவாக, "அப்ப அவரு என்ன ஆனாரு?"

சொன்னேன். தகப்பனைத் தூக்கிலிட்டது 1801-இல். பதினைந்து வயதுத் துரைச்சாமியை எழுபதுக்கும் மேற்பட்டவர்களோடு 1802-இல் கப்பலேற்றிப் பினாங்குக்கு நாடு கடத்தினார்கள். சின்ன மருதுவிடம் வளரி என்ற வளைந்த எறி ஆயுதத்தை வீசக் கற்றுக்கொண்ட வெள்ளை அதிகாரி ஜேம்ஸ் வெல்ஷ், 1818-இல் பினாங்கு போனபோது தளர்ந்துபோன ஒரு கிழவர் அவரைத் தேடி வந்தார். யாரென்று வெல்ஷுக்கு அடையாளம் தெரியவில்லை. பெயரைச் சொன்ன பிறகுதான் புரிந்தது, அது துரைச்சாமி. அப்போது அவருக்கு வயது முப்பத்தொன்றுதான் இருக்கும். வெல்ஷே இதை எழுதி, 1830-இல் அச்சாகியிருக்கிறது.

இதைவிடவா உங்களுக்குச் சோகம் வேண்டும்?

எது ஆவணத்தில் உள்ளது, எது நீங்கள் சேர்த்தது என்று வீடியோவிலேயே சொல்லுங்கள். நான் கேட்பது இவ்வளவுதான். காளையார்கோவில் கோபுரத்தை இடிக்காமல் காப்பாற்றத்தான் மருதிருவர் பிடி கொடுத்தார்கள் என்று எங்கள் அப்பத்தாவும் சொல்வார். வகுப்பில் நானும் சொல்லியிருக்கிறேன், செவிவழிக் கதை என்று முதலில் சொல்லிவிட்டு. பிள்ளைகள் ஆர்வம் குறையாமல்தான் கேட்டார்கள்.

கண்ணதாசனையும் நீங்கள் விடவில்லை. சிறுகூடல்பட்டியில் பிறந்த மனிதர் 1981 அக்டோபர் 17 அன்று சிகாகோவில் கண்மூடினார். கடைசி நிமிடத்தில் அவர் மனதில் ஓடியதை நீங்கள் எங்கிருந்து எடுத்தீர்கள்? தன் குறைகளை அவரே ஒளிக்காமல் எழுதி வைத்திருக்கிறாரே, அதைப் படிக்கவாவது நேரம் ஒதுக்கினீர்களா? போனவர்கள் வந்து மறுக்க மாட்டார்கள் என்ற தைரியம்தானே இது?

கோபத்தில் வார்த்தை கூடியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் உழைப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. உண்மை எது, சேர்த்தது எது என்று பிரித்துச் சொல்லுங்கள் என்றுதான் மறுபடியும் கேட்கிறேன்.

அந்தப் பிள்ளை இந்த வருடமும் பேசப் போகிறாள். "பினாங்குலேர்ந்து ஆரம்பிக்கவா சார்?" என்று கேட்டிருக்கிறாள். அதற்குள் அந்த வீடியோவைத் திருத்திவிடுங்கள், தயவுசெய்து.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற வரலாற்று ஆசிரியர் ஒருவர்