பில் பாஸ் செய்யும் முன் பிஎஃப் ரசீதைப் பாருங்கள்

கொங்கு மண்டல மாநகராட்சி, நகராட்சி ஆணையர்கள் அனைவருக்கும் வணக்கம்.

தூய்மைப் பணி ஒப்பந்ததாரர்கள் கைக்குப் போன கதை உங்களுக்குத் தெரியும். எங்கள் வீதிக்குக் குப்பை வாங்க வரும் அக்காவுக்கு நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

மகளைக் கல்லூரியில் சேர்க்க, பிஎஃப் (வருங்கால வைப்பு நிதி) பணத்தில் கொஞ்சம் எடுக்கலாம் என்று போனார். மாதாமாதம் சம்பளத்தில் பிடித்திருக்கிறார்கள். கணக்கில் பல மாதங்களுக்குப் பணமே ஏறவில்லை. புது ஒப்பந்ததாரர், "அது முன்னாடி இருந்தவங்க பாடுங்க" என்கிறார். பழையவர் போனை எடுப்பதில்லை. நகராட்சி அலுவலகத்திலோ, "நீங்க எங்க ஆளே இல்லைங்களேம்மா, காண்ட்ராக்ட்காரரைக் கேளுங்க." கடைசியில் காதில் கிடந்த தோட்டை அடகு வைத்துத்தான் ஃபீஸ் கட்டினார். விடியுமுன்னே நகராட்சி வண்டியைத் தள்ளி வருகிற பெண் உங்கள் ஆள் இல்லை என்றால், அந்தப் பதிலை என்னால் ஏற்க முடியவில்லை.

ஒப்பந்ததாரர் சம்பளம் தராவிட்டால், வேலையை ஒப்படைத்த நிர்வாகமே அதைத் தந்துவிட்டு அவரிடம் வசூலிக்க வேண்டும் என்று 1970-ஆம் ஆண்டு ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்திலேயே எழுதிவைத்தார்கள். பிஎஃப் விதியும் பொறுப்பை அந்த நிர்வாகத்தின் மீதுதான் வைக்கிறது. ஒரு மாதத்துப் பணத்தை அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் கட்டியாக வேண்டும். யார் பெயரில் எவ்வளவு என்ற பட்டியலும் உண்டு. அதை வாங்கிப் பார்க்காமல் ஒப்பந்ததாரரின் பில் எப்படி பாஸ் ஆகிறது?

திருப்பூரில் தையலை ஜாப் ஒர்க்குக்கு வெளியே கொடுத்தாலும், தைத்த துணியில் குறை வந்தால் அதை வாங்குபவருக்குப் பதில் சொல்வது ஏற்றுமதி செய்யும் கம்பெனிதான். அந்த வழக்கம் ஏன் அரசு அலுவலகத்துக்கு வரவில்லை? அரசு மருத்துவமனைக் கழிவறையிலிருந்து தெருவிளக்கு வரை இப்போது எதைக் கேட்டாலும் "அது காண்ட்ராக்ட்" என்ற ஒரே பதில்தான். வரியை நாங்கள் காண்ட்ராக்ட்காரரிடம் கட்டவில்லை.

சரி, கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்பது இதுதான்: பிஎஃப், இஎஸ்ஐ (தொழிலாளர் காப்பீடு) ரசீதைப் பார்க்காமல் எந்த பில்லும் பாஸ் ஆகக்கூடாது. ஒப்பந்தம் முடிந்தால், தொழிலாளர் பாக்கி தீரும்வரை ஒப்பந்ததாரர் கட்டிய வைப்புத்தொகையைத் திருப்பித் தராதீர்கள். அந்த அக்காவோடு வேலை செய்தவர்களின் விடுபட்ட மாதங்களையும் கணக்கெடுத்து, பணத்தை அவரவர் கணக்கில் கட்ட உத்தரவிடுமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
திருப்பூர் மாவட்டத்தில் வீட்டுவரி கட்டும் ஒருவர்