2024–25 ஆண்டறிக்கை: புரொஜக்டர் விவகாரம் உட்பட

தலைவர் அவர்களுக்கும் செயற்குழுவினருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

செயற்குழு மாதந்தோறும் கூடியது. ஜூலையில் மட்டும் மழைக்குப் பயந்து யாரும் வரவில்லை. நூலகப் புத்தகங்களைப் பூஞ்சணம் துடைத்து அடுக்கினோம். வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். மற்றபடி எங்கள் நேரத்தையெல்லாம் தின்றது அரங்கின் சீலிங்கில் தொங்கும் புரொஜக்டர்தான். அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

1819-இல் கோவை கலெக்டர் ஜான் சல்லிவன் நம் கோத்தகிரியை அடுத்த கன்னேரிமுக்கில் கட்டிய பங்களாவைப் பற்றிய படக்காட்சி பலருக்கு நினைவிருக்கும். பங்களா தெரிந்தது. அதன் மேல் வெள்ளைப் புள்ளிகளும் பொரிபொரியாகத் தெரிந்தன. "என்னங்க, கன்னேரிமுக்குல உறைபனியா?" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல். அப்புறம் திரை நீலமானது, இரண்டு நொடியில் படம் வந்தது, மறுபடி போனது. முக்கால் மணி நேரத்தில் புரொஜக்டரே அணைந்துவிட்டது.

பார்க்க வந்த மெக்கானிக், மெஷினின் ஆயுள் முடிந்துவிட்டது, புதிது வாங்குங்கள் என்றார். செயற்குழுவும் சரி என்றது; கை தூக்கியவர்களில் நானும் ஒருவன். தடுத்தவர் நமக்கு வழக்கமாக வேலை செய்யும் எலக்ட்ரீஷியன் தம்பி. "சார், வாங்கறதுக்கு முன்னாடி லேப்டாப்பை மேல தூக்கிட்டுப் போய் மாட்டிப் பாத்துடலாமே" என்றார். ஏணியில் ஏறி, ஒன்றரை மீட்டர் கேபிளில் நேராக மாட்டினோம். ஒரு புள்ளிகூட இல்லை. கீழே மேடைக்கு வந்து, மேடையிலிருந்து புரொஜக்டருக்குப் போகும் பழைய கேபிளிலேயே, படத்தின் நுணுக்கத்தை 1080 வரியிலிருந்து 720 வரியாகக் குறைத்துப் பார்த்தோம். அப்போதும் படம் சுத்தம்.

ஆக, குற்றவாளி கேபிள். 720-க்குப் போக வேண்டிய தரவு 1080-இல் ஏறக்குறைய பாதிதான். வேகம் கூடக் கூட, நீளமான செம்புக் கம்பியில் சிக்னல் அதிகமாகத் தேய்ந்துபோகும். பழைய விஜிஏ கேபிளாக இருந்தால் படம் மங்கி, நிழல் விழுந்து, முன்கூட்டியே காட்டிக்கொடுத்திருக்கும். நம்முடையது எச்டிஎம்ஐ; படத்தை எண்களாக்கி அனுப்பும் வகை. இது அப்படியில்லை. தாங்கும்வரை பளிச்சென்று காட்டும். தாங்காத இடம் வந்ததும் புள்ளி பொரியும், அடுத்தது நீலத்திரை.

நம் கேபிள் 15 மீட்டர். அதிலும் ஒரே கேபிள் இல்லை. சீலிங் பலகையைக் கழற்றினால், 10 மீட்டரையும் 5 மீட்டரையும் ஒரு சின்ன ஜாயின்ட்டில் சேர்த்திருக்கிறார்கள். எந்தக் காலத்துச் செயற்குழு செய்ததோ, கேட்டால் யாருக்கும் ஞாபகம் இல்லை. ஓட்டிடுக்கில் நுழையும் மூடுபனி அங்கேயே தங்கியிருக்கிறது. கனெக்டரில் பூச்சு தேய்ந்த இடமெல்லாம் பச்சைக் களிம்பு. நகத்தால் சுரண்டினால் தூளாக வந்தது.

கண்ணாடி இழை எச்டிஎம்ஐ கேபிள், ஜாயின்ட் இல்லாமல் ஒரே நீளமாக வாங்கினோம். இந்த நீளத்துக்கெல்லாம் சிக்னல் தேயும் தொல்லை இதில் இல்லை. மடக்கி ஒடிக்காமல் வளைக்க வேண்டும் என்பதால் பைப்புக்குள் இழுக்க ஒரு பிற்பகல் முழுதும் ஆனது. மாட்டினால், படமே இல்லை! இந்த வகைக் கேபிளுக்குத் திசை உண்டு. ஒரு முனையில் 'சோர்ஸ்', மறுமுனையில் 'டிஸ்ப்ளே' என்று அச்சிட்டிருக்கிறது. 'டிஸ்ப்ளே' முனை மேடையில் கிடந்தது. மறுநாள் முழுதும் உருவித் திருப்பி இழுத்தோம். அச்சை முதலில் படிக்காதது என் தவறு, தம்பியுடையது அல்ல.

தானே அணைவது வேறு கதை. கடல்மட்டத்திலிருந்து 1,500 மீட்டருக்கு மேலே வைத்தால் 'ஹை ஆல்டிடியூட்' அமைப்பை இயக்க வேண்டும் என்று கையேட்டில் இருக்கிறது. கோத்தகிரி 1,700 மீட்டருக்கும் மேலே. இங்கே காற்று மெலிசு, அதே விசிறி அதே வேகத்தில் சுற்றினால் சூடு இறங்காது. வாங்கிய நாளிலிருந்து யாரும் அதை இயக்கவில்லை. இப்போது இயக்கிவிட்டோம்; விசிறி வேகமாகச் சுற்றுவதால் சத்தம் கூடியிருக்கிறது. முன்வரிசைக்காரர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

பிப்ரவரியில் அதே பங்களாப் படக்காட்சியை மறுபடி போட்டோம். இரண்டு மணி நேரமும் உறைபனி விழவில்லை. புது புரொஜக்டர் வாங்கும் தீர்மானத்தை ரத்து செய்யுமாறு இந்த அவையை வேண்டுகிறேன். மேடையில் பையோடு வைத்த டைப்-சி கன்வர்ட்டரை எடுத்துச் சென்றவர் திருப்பி வைக்கவும்.

ஏணி இரவல் தந்த பக்கத்து வீட்டாருக்கு நன்றி. அறிக்கையை அவையின் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.

செயலாளர்