ஹவிலா கலேயோஹானோ அவர்களுக்கு

மதிப்புக்குரிய ஹவிலா ஐயா,

1941 டிசம்பர் 7. பேர்ல் ஹார்பர் தாக்குதலுக்கு வந்து அடிபட்ட ஜப்பானிய ஜீரோ ரகப் போர் விமானம் ஒன்று, ஹவாயிலுள்ள உங்கள் நீஹாவ் தீவில், உங்கள் கண்ணெதிரே வந்து விழுந்தது. கம்பிவேலியில் சிக்கி மூக்கு தரையில் குத்தி நின்றது. உள்ளே ஷிகெனோரி நிஷிகாய்ச்சி, 22 வயது. அது ஆளில்லாத தீவு, நீர்மூழ்கி வந்து மீட்கும் என்று சொல்லித்தான் விமானிகளை அனுப்பியிருந்தார்கள்.

தாக்குதல் நடந்ததே உங்களுக்குத் தெரியாது. ஆனால் ஜப்பானோடு உறவு கெட்டுக்கிடப்பதைப் பேப்பரில் படித்திருந்தீர்கள். அவர் சுதாரிப்பதற்குள் கைத்துப்பாக்கியையும் காகிதங்களையும் எடுத்து வைத்துக்கொண்டீர்கள். அப்புறம்தான் சாப்பாடு, உபசாரம் எல்லாம். எச்சரிக்கையும் இரக்கமும் ஒரே ஆளிடம், அதுவும் சில நிமிடத்துக்குள்! எனக்கு உங்கள்மேல் மரியாதை வந்தது அங்கேதான்.

இரவில் ரேடியோ வழியாகச் சேதி வந்து, விருந்தாளி கைதியானார். பக்கத்துக் கவாய் தீவிலிருந்து வரவேண்டிய படகும் வரவில்லை, ராணுவம் தடுத்துவிட்டது. இதற்கிடையே தீவிலிருந்த ஜப்பானிய வம்சாவளி ஹராடா தம்பதி விமானியின் பக்கம் சாய்ந்தார்கள். காகிதங்களுக்காக தீவில் வாழ்ந்த ஷின்டானி என்ற ஜப்பானியர் பணத்தோடு வந்தபோது நீங்கள் மசியவில்லை. 12ஆம் தேதி விமானியும் ஹராடாவும் துப்பாக்கியோடு வந்தார்கள். கழிப்பறையில் ஒளிந்திருந்த நீங்கள், சமயம் பார்த்து ஓடித் தப்பினீர்கள். ஊரை எச்சரித்துவிட்டு, இன்னும் சிலரோடு சுமார் 10 மணி நேரம் துடுப்புப் போட்டுக் கவாய்க்குப் போய்ச் சேர்ந்தீர்கள். காகிதங்கள் கிடைக்காத ஆத்திரத்தில் அவர்கள் உங்கள் வீட்டைக் கொளுத்தினார்கள்.

மறுநாள் உங்கள் தீவுக்காரர் பென் கனஹேலே மூன்று குண்டு வாங்கியும் விமானியைத் தூக்கிக் கற்சுவரில் அடித்தார். விமானி அங்கேயே இறந்தார். ஹராடா தன்னையே சுட்டுக்கொண்டார். பின்னாளில் பென்னுக்கும் உங்களுக்கும் பதக்கம் தந்தார்கள். சரி, அது நியாயம்தான்.

ஆனால் ஒன்று என்னை உறுத்துகிறது. 1942 ஜனவரியில் எழுதப்பட்ட அமெரிக்கக் கடற்படை அறிக்கை ஒன்று, இந்தச் சம்பவத்தைக் காட்டி, ஹவாயின் ஜப்பானிய வம்சாவளியினர் எதிரிக்கு உதவக்கூடும் என்றது. நீங்களோ, அந்த எதிரி விமானியையே முதல் நாளில் பட்டினி போடவில்லை. ஒரு குடும்பம் செய்ததை ஓர் இனத்தின் தலையில் கட்டுவது அநியாயம். அதே ஹவாயின் ஜப்பானிய வம்சாவளி இளைஞர்கள்தான் 100ஆவது பட்டாலியனாக இத்தாலியில் அமெரிக்காவுக்காகச் சண்டையிட்டார்கள்.

அன்புடன்,
ஒரு தமிழ் வாசகன்