1.00 பிஸ்டன் கிட்டுக்குள்ள 0.80 ரிங்: மூணு மாசமா அலைய விட்டுட்டீங்க

கஸ்டமர் சர்வீஸ் மேனேஜர் அவர்களுக்கு,
ஹெட் ஆபீஸ், கோயம்புத்தூர்.

வணக்கம் சார். மும்பை செம்பூர்ல இருந்து எழுதுறேன். உங்க மும்பை பிராஞ்சுக்கு இங்கிலீஷ்ல ஆறு மெயில் போட்டாச்சு, இந்தில போன் பண்ணதுக்கு கணக்கே இல்ல, ஒண்ணுக்கும் உருப்படியா பதில் வரல. அதான் தமிழ்லயே எழுதுறேன், அங்க யாராவது ஒருத்தராவது கடைசி வரைக்கும் படிப்பீங்கன்னு ஒரு நம்பிக்கை.

விஷயம் உங்க பிரீமியர் பத்மினி கார் ஓவர்சைஸ் கிட், அதான் தேஞ்ச இன்ஜினுக்கு கொஞ்சம் பெரிய பிஸ்டனும், அத சுத்தி சிலிண்டர் சுவரோட ஒட்டி அடைக்கற ரிங்கும் வர்ற அந்த மஞ்சள் பாக்ஸ். அத பத்தி உங்களுக்கு நான் பாடம் எடுக்க வேண்டியதில்ல, நீங்க பண்ற சாமான். ஏப்ரல்ல வாங்கினேன், 1.00 சைஸ், அதாவது ஒரிஜினல விட ஒரு மில்லிமீட்டர் பெருசு. பில் நம்பர் எல்லாம் அந்த ஆறு மெயில்லயும் இருக்கு, திரும்ப எழுத எனக்கு தெம்பு இல்ல.

வண்டி 1986 மாடல், அப்பா வாங்கினது. போர், அதாவது சிலிண்டர் ஓட்டையோட அகலம், 68 மில்லிமீட்டர்; ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் ஏறி இறங்கற தூரம், 75; மொத்தம் 1089 சிசி. போர் ஏற்கனவே தேஞ்சு போயிருந்துச்சு, எப்படியும் ரீபோர் பண்ணியே, அதாவது ஓட்டைய கடைஞ்சு பெருசாக்கியே ஆகணும், பண்றதுதான் பண்றோம் கடைசி சைஸுக்கே போயிடலாம்னு முடிவு பண்ணேன். 69 ஆக்கினா கிட்டத்தட்ட 1122 சிசி வரும். கூடுறது 32 சிசிதான், அரை கட்டிங் டீ கூட தேறாது, எனக்கு தெரியும் சார். ஆனா ஹெட்டையும் கிளீனா வேலை பாத்து, சோலெக்ஸ் கார்புரேட்டர்ல மெயின் ஜெட்ட, அதான் பெட்ரோல் வர்ற துளைய, ஒரு சைஸ் ஏத்தி விட்டா கண்டாலா காட் மலை ரோட்ல செகண்டுக்கு இறங்காம தேர்டுலயே ஏறும்னு ஒரு ஆசை. தப்பா?

ஏறல. புகைதான் வந்துச்சு. நீல புகை, பின்னாடி வர்ற பைக்காரன் ஹார்ன் அடிச்சு திட்டிட்டு போற அளவுக்கு. முன்னூறு கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் ஆயில் குடிச்சுது. உங்க ஹெல்ப்லைன்ல சொன்னாங்க, “ரன்னிங்-இன் சார், ரிங் செட் ஆகணும், ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டுங்க”ன்னு. ஓட்டினேன். அப்புறம் “ரெண்டாயிரம் ஓட்டுங்க”ன்னாங்க. அதையும் ஓட்டியிருந்தா ஐயாயிரம்னு சொல்லியிருப்பீங்க, அதுக்குள்ள வாரண்டி முடிஞ்சிருக்கும், அதுதானே கணக்கு?

தாராவில எங்க மெக்கானிக் அண்ணன், முப்பது வருஷமா டாக்ஸி இன்ஜினா பிரிச்சு மாட்டினவர், கம்ப்ரஷன் கேஜ் வச்சு சிலிண்டர் அழுத்தத்த பாத்தார். நாலு சிலிண்டரும் 95 பக்கம். பிளக் ஓட்டை வழியா ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு திரும்ப பாத்தா 130. வால்வு லீக்னா ஆயில் விட்டாலும் ஏறாது, இது ஏறுது, அப்போ ரிங்தான்னு சொல்லிட்டார். திரும்ப இன்ஜின இறக்கினோம். திரும்ப ஹெட் கேஸ்கெட், திரும்ப லேபர், திரும்ப ஆயில்.

இப்ப நான் சொல்றத கொஞ்சம் நிதானமா படிங்க. டாப் ரிங்க மட்டும் கழட்டி போருக்குள்ள வச்சு, பிஸ்டன் தலையால நேரா ஒரு இன்ச் தள்ளி, ஃபீலர் கேஜ், அதான் இடைவெளி அளக்கற மெல்லிசு தகடுங்க, அத விட்டு ரிங்கோட ரெண்டு முனைக்கு நடுவுல இருக்கற கேப்ப பாத்தோம். போர் ஒரு இன்ச்சுக்கு நாலு தவ், அதாவது இன்ச்ல ஆயிரத்துல நாலு பங்குன்னு வச்சா 69 போருக்கு 0.28 மில்லிமீட்டர் பக்கம் கேப் இருக்கணும். 0.30 பிளேடு சும்மா ஆடிச்சு. 0.50 ஆடிச்சு. ரெண்டு மூணு பிளேட சேர்த்து வச்சு 0.90 வந்தப்புறம்தான் லேசா புடிச்சுது. அண்ணன் ஒண்ணும் பேசல, ரிங்க துணில தொடச்சு டார்ச் அடிச்சு என் கைல குடுத்தார். முனை பக்கத்துல பொடி எழுத்துல “80”. நாலு டாப் ரிங்லயும் அதே 80. பாக்ஸ் மேல 1.00, பிஸ்டன் தலைல 1.00, ரிங் மட்டும் 0.80. போர் 0.20 பெருசுன்னா சுத்தளவுல 0.63 கூடும், அந்த 0.63-ம் 0.28-ம் சேர்ந்தா 0.91. பத்தாங்கிளாஸ் கணக்கு சார். உங்க பேக்கிங் டேபிள்ல பக்கத்து தட்டுல கைய விட்டுட்டாங்க, அவ்ளோதான் நடந்திருக்கு.

மாட்டும்போதே கேப் பாக்கலையான்னு கேப்பீங்க. பாத்திருக்கணும்தான். ஆனா “ரிங் கேப் ஃபேக்டரி செட், ஃபைல் போட்டு ராவ வேண்டாம்”னு பாக்ஸ்ல அடிச்சு வச்சது யாரு?

இவ்ளோ தெளிவா போட்டோவோட அனுப்பினேன். அதுக்கு உங்க ஆளு ஒருத்தர், பேர் சொல்ல மாட்டேன்னுட்டார், போன்ல என்ன சொன்னார் தெரியுமா? “அங்கிள், பத்மினி தோ பந்த் ஹோ கயி, ஸ்க்ராப் மே தே தோ.” அதாவது பத்மினிதான் நின்னு போச்சே, ஸ்க்ராப்ல போட்டுடுங்கன்னு. பந்த் ஆனது டாக்ஸிங்கய்யா! 20 வருஷ ரூல்ல 2023 அக்டோபரோட காலி-பீலி, அதான் மும்பையோட கறுப்பு மஞ்சள் பத்மினி டாக்ஸி, நின்னுச்சு, என்னோடது பிரைவேட் வண்டி, கிரீன் டாக்ஸ் கட்டி ரீ-ரெஜிஸ்டர் பண்ணி பேப்பர் எல்லாம் கைல வச்சிருக்கேன். அதவிட, ஸ்க்ராப் வண்டிக்கு நீங்க எதுக்கு புதுசா பிஸ்டன் வார்த்து 16,800 ரூபாய்க்கு விக்கிறீங்க? நான் பதில் சொல்றதுக்குள்ள சிரிச்சிட்டு கட் பண்ணிட்டார். அந்த சிரிப்பு இன்னும் காதுல இருக்கு. எனக்கு அறுபத்தி ஒண்ணு வயசு சார், என் வீட்ல யாரும் என்ன பாத்து அப்படி சிரிச்சதில்ல.

பிவாண்டி கதைய விட்டுட்டேன் பாருங்க. “பீஸ நேர்ல கொண்டாங்க, அப்பவே மாத்தி தர்றோம்”னு கூப்பிட்டது உங்க ஆபீஸ்தான். ஜூலை மழை, குர்லால டிராக்ல தண்ணி, தானே ஸ்டேஷன் போய் சேரவே ரெண்டு மணி நேரம், அங்கிருந்து ஷேர் ஆட்டோல முட்டி வரைக்கும் நனைஞ்சு உங்க கோடவுனுக்கு போனா, வாட்ச்மேன் லஞ்ச் டைம்னு நாற்பது நிமிஷம் வாசல்லயே நிக்க வச்சார். உள்ள போனா “இது டிஸ்பேட்ச் மட்டும், கம்ப்ளைண்ட் அந்தேரில”ன்னு ஒரு பையன். சாம்பிளா ஒரு ரிங் குடுங்கன்னு முதல் சிலிண்டர் டாப் ரிங்க வாங்கிக்கிட்டான், ரசீது கேட்டதுக்கு ஒரு துண்டு பேப்பர்ல கிறுக்கி குடுத்தான். இப்ப அந்தேரில கேட்டா “அப்படி எதுவும் வரல, பீஸ் இல்லாம கிளெய்ம் எடுக்க முடியாது”. எங்கிட்ட இருந்து வாங்கி தொலைச்சதே நீங்கதான்!

நஷ்டம் என்னன்னு கேட்டா, பில் இருக்கறது மட்டும் 58,000. ஆனா 1.00-தான் கடைசி சைஸ், அதுக்கு மேல ரீபோர் கிடையாது, இனி லைனர், அதாவது சிலிண்டருக்குள்ள புது குழாய், அடிக்கறது ஒண்ணுதான் வழி. லேசா ஹோன் பண்ணி, அதான் உள்சுவர தேச்சு, சரியான ரிங் போட்டா மூணு சிலிண்டர் தப்பிச்சிடும், நாலாவதுலதான் கோடு விழுந்திருக்குன்னு அண்ணன் சொல்றார், அவர் நல்ல மனுஷன், என் கணக்குல பிளாக்கே போச்சு. பத்மினி பிளாக் இப்ப எங்க கிடைக்குது? மன உளைச்சல், மூணு மாசம், மாப்பிள்ளை குடும்பத்த கூட்டிட்டு லோனாவாலா போறேன்னு சொல்லி ஓலா புடிச்ச அவமானம், எல்லாம் சேர்த்தா நாலு லட்சத்துக்கு ஒரு பைசா குறையாது.

உங்க கம்பெனி மேல எனக்கு விரோதம் இல்ல சார். பிஸ்டன் ஃபினிஷிங் அருமை, நாலும் கிராம் பிசகாம ஒரே வெயிட், அண்ணனே சொன்னார். ஒரு போன் போட்டு “தப்பாயிடுச்சு, மன்னிச்சுக்கோங்க”ன்னு சொல்லியிருந்தா புது ரிங் செட்டோட விட்டிருப்பேன். இப்ப அது மட்டும் பத்தாது. சரியான 1.00 ரிங் செட், ரெண்டாவது தடவை இறக்கி ஏத்தின லேபரும் கேஸ்கெட்டும், நாலாவது சிலிண்டருக்கு லைனர் செலவு, அப்புறம் அந்த சிரிச்ச ஆள் எங்கிட்ட பேசணும், எழுத்துல வேண்டாம், போன்லயே பேசட்டும்.

15 நாள் பாப்பேன். அப்புறம் 1915-க்கு, அதான் தேசிய கன்ஸ்யூமர் ஹெல்ப்லைனுக்கு, அடிச்சு கம்ப்ளைண்ட், அதுக்கும் அசையலன்னா கன்ஸ்யூமர் கமிஷன்ல கேஸ். 2019 சட்டப்படி நான் குடியிருக்கற ஊர்லயே போடலாம், பொருளுக்கு குடுத்த பணம் அஞ்சு லட்சம் வரைக்கும்னா ஃபீஸ் கிடையாது, நீங்கதான் கோயம்புத்தூர்ல இருந்து ரயில் ஏறி வரணும். தயவு செஞ்சு அந்த நிலைமைக்கு கொண்டு போகாதீங்க.

மிச்சம் மூணு டாப் ரிங் எங்கிட்டதான் இருக்கு. கொரியர்ல அனுப்ப மாட்டேன், எந்த கோடவுனுக்கும் தூக்கிட்டு வர மாட்டேன். ஆள அனுப்புங்க, ஃபீலர் கேஜ் நானே தர்றேன்.

இப்படிக்கு,
உங்க மஞ்சள் பாக்ஸ நம்பின கஸ்டமர்,
செம்பூர், மும்பை.