எங்க அம்மாவைத் தேடிக் கண்டுபிடிச்சு குடுத்த ரயில்வே போலீஸுக்கு நன்றி

போன வியாழக்கிழமை சாயங்காலம் எழும்பூர்ல நானும் அம்மாவும் செங்கல்பட்டு லோக்கல் ஏறினோம், மாம்பலத்துல இறங்கணும். அம்மாவுக்கு 74 வயசு, ரெண்டு வருஷமா மறதி நோய், கையில போனும் கிடையாது. ஆபீஸ் விட்ட நேரம், நான் பையோட முதல்ல இறங்கி திரும்பி கையை நீட்டறேன், அதுக்குள்ள கூட்டம் திபுதிபுன்னு ஏறி அவங்களை உள்ள தள்ளிடுச்சு, வண்டியும் எடுத்துட்டான்.

போன்ல நான் சேவ் பண்ணி வச்சிருந்தது ரயில்வே பாதுகாப்பு உதவிக்கான பழைய நம்பர் 182. அதை 2021லயே 139ல சேத்துட்டாங்களாம், பிளாட்பாரத்துல நின்ன ஆர்பிஎஃப் (ரயில்வே பாதுகாப்புப் படை) மேடம் சொல்லித்தான் தெரியும். ஆர்பிஎஃப் மத்திய அரசு படை, கேஸ் எழுதறது நம்ம தமிழ்நாடு போலீஸோட ரயில்வே பிரிவு ஜிஆர்பி, நான் எந்த ஸ்டேஷனுக்கு ஓடணும்னு அழுதுட்டே கேக்கறேன், "அதெல்லாம் நாங்க பாத்துக்கறோம்க்கா, முன்னாடி லேடீஸ் பெட்டியா பின்னாடியா, அதை மட்டும் சொல்லுங்க"ன்னாங்க. அது தெரிஞ்சாதான் அடுத்த ஸ்டேஷன்கள்ல ஆளுங்க பிளாட்பாரத்துல சரியான இடத்துல போய் நிக்க முடியும், வண்டி நிக்கறதே கொஞ்ச நேரம்தானே. அப்புறம் புடவை கலர். எனக்கு சத்தியமா ஞாபகமே வரலை. காலையில அம்மாவை எடுத்த போட்டோ ஏதாவது இருக்கான்னு அவங்களே கேட்டு, பாத்து, வாக்கி டாக்கியில "பச்சைப் புடவை, வெள்ளை முடி, கையில மஞ்சப் பை"ன்னு சொன்னாங்க.

தாம்பரத்துல பெட்டி முழுக்க பாத்துட்டு இல்லைன்னு தகவல் வந்தப்ப எனக்கு கால் நிக்கலை, அந்த மேடம்தான் என் தோளைப் பிடிச்சுக்கிட்டாங்க, ஏன் கையை விட்டீங்கன்னு ஒரு வார்த்தை கேக்கலை, அதை நான் சாகற வரைக்கும் மறக்க மாட்டேன்.

அம்மா பல்லாவரத்துலயே இறங்கி பெஞ்சுல உக்காந்திருந்திருக்காங்க. யூனிபார்மைப் பாத்ததும் பயந்து, நான் ஒண்ணும் பண்ணலைன்னு பையை நெஞ்சோட அணைச்சுக்கிட்டாங்களாம். அங்க இருந்த கான்ஸ்டபிள் பொண்ணு லத்தியையும் தொப்பியையும் பெஞ்சுக்குப் பின்னாடி வச்சுட்டு பக்கத்துல உக்காந்து, பையில என்ன பாட்டின்னு கேட்டுப் பேச ஆரம்பிச்சிருக்கு. நான் போய்ச் சேர்றப்ப அம்மா அந்தப் பொண்ணுக்கு பையில இருந்த ஆரஞ்சை உரிச்சு குடுத்துட்டு இருந்தாங்க.

டிரெயின்ல போலீஸ்னா திருடனைப் பிடிக்கவும் ஃபைன் போடவும்தான்னு இத்தனை வருஷம் நினைச்சிருந்தேன். அத்தனை ஆயிரம் முகத்துல எங்க அம்மா முகத்தைத் தேடி எடுத்தீங்களே. மாம்பலம் மேடம், தாம்பரத்துல பெட்டி பெட்டியா பாத்தவங்க, உங்க எல்லாருக்கும் மனசார நன்றி. பல்லாவரத்துப் பொண்ணு பேரைக் கேக்காம வந்துட்டேன். அம்மா என் பேரையே சில நாள் மறந்துடறாங்க, ஆனா நேத்து ஆரஞ்சு உரிக்கறப்ப ரெண்டு சுளையைத் தனியா எடுத்து வச்சாங்க, யாருக்கும்மான்னு கேட்டா அந்தப் பொண்ணு வருமேங்கறாங்க.